சம்பந்தி வீட்டுச் செப்புக்காசு

திருப்பதி
19-7-1998

மதிப்பிற்குரிய சம்பந்தி முனிகிருஷ்ணன் அவர்களுக்கு,

செங்கல்வராயன் எழுதுவது. நலம் விசாரிக்கும் வரியை இந்தக் கடிதத்தில் விட்டிருக்கிறேன். மறதியால் அல்ல.

இதைத் தொலைபேசியில் சொல்லியிருக்கலாம். ஆனால் தொலைபேசியில் சொன்னதற்குச் சான்று இருக்காது. சார்பதிவாளராக இருந்து ஓய்வு பெற்றவனுக்குச் சான்றில்லாத கோபத்தில் நம்பிக்கை இல்லை.

சென்ற வியாழக்கிழமை தாங்களும் சம்பந்தியம்மாவும் என் மருமகள் காஞ்சனாவை ஆடிக்குத் தாய்வீடு அழைத்துப்போக வந்தீர்கள். அதற்கு முந்தின நாள் அவள் வீட்டிலுள்ள பூஜைச் சாமான்களையெல்லாம் தேய்த்திருக்கிறாள். அது நல்ல பழக்கம்தான். அலமாரிக்குக் கரையான் மருந்து அடித்த காரணத்தால், என் நாணயச் சேகரிப்பு தற்காலிகமாகப் பூஜை அறையில் ஒரு பித்தளைத் தட்டில் வைக்கப்பட்டிருந்தது. அதையும் தேய்த்துவிட்டாள். புளி கொண்டும், தாங்கள் சீர்வரிசையோடு மூட்டையாகக் கொடுத்தனுப்பிய அந்த ரோஜா நிறப் பவுடர் கொண்டும் தேய்த்திருக்கிறாள்.

சத்தியவேடு, புங்கனூர், பலமனேர் என்று எங்கெல்லாம் மாற்றலாகிப் போனேனோ அங்கெல்லாம் தேடிச் சேர்த்தவை. ஆற்காட்டு நவாப் காலத்துச் செப்புக்காசு, கும்பினியார் கால் அணா, சந்திரகிரிப் பக்கம் உழவில் கிடைத்த விஜயநகரக் காசு. இப்போது எல்லாமே ஒரே வயது. எல்லாமே பிறந்து நான்கு நாள் ஆனவை.

சித்தூரில் பாத்திரக்கடை நடத்தும் தங்களுக்கு இது விளங்குமா என்று தெரியவில்லை. பழைய செம்புக்குத் தோல் ஒன்று உண்டு. காற்றும் கைகளும் சேர்ந்து இருநூறு வருடத்தில் போடுகிற பழுப்புத் தோல் அது. மேலே ஒட்டியிருக்கும் அழுக்கை எடுக்கலாம். தோலை எடுக்கக் கூடாது. உரித்தபின் உள்ளே தெரியும் இளஞ்சிவப்பைப் பார்த்துப் பாத்திரக்காரர்கள் வேண்டுமானால் மகிழலாம். அடித்தலும் அழித்தலும் உள்ள பத்திரத்தை நான் பதிவு செய்ததே கிடையாது. இப்போது ஒரு தட்டு நிறைய அழித்த பத்திரம் என் வீட்டிலேயே இருக்கிறது.

அன்று நான் காஞ்சனாவிடம் சொன்னதைப் பற்றித் தாங்கள் வருத்தப்பட்டிருக்கலாம். நான் சொன்னது ஒரே ஒரு வாக்கியம். அதில் திருத்தம் எதுவும் இல்லை.

மற்றவை ஆடி முடிந்து பேசலாம்.

இப்படிக்கு,
கு. செங்கல்வராயன்
சார்பதிவாளர் (ஓய்வு)

&nbsp;

சித்தூர்
23-7-1998

அன்புள்ள சம்பந்தி அவர்களுக்கு,

நீங்கள் விட்டுவிட்ட வரியையும் சேர்த்து நானே இரண்டு முறை விசாரித்துவிடுகிறேன். நலமா? நலமா?

உங்கள் கடிதத்தை யசோதாவுக்கு வாசித்துக் காட்டினேன். "வைக்கப்பட்டிருந்தது" என்ற இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னாள். "யாரு வச்சாங்கன்னு போட்டிருக்குதா?" என்று கேட்டாள். போடவில்லை என்றேன். "அப்ப அவரேதான் வச்சிருப்பாரு" என்றாள். படிக்காதவள், மன்னிக்கவும்.

அன்று நடந்ததில் என் பங்கையும் நான் ஒப்புக்கொள்ள வேண்டும். காசைத் தேய்த்தது உங்களுக்கு அதுவரை தெரியாது. பூஜை அறைப் பக்கம் போன நான்தான் தட்டைக் கையில் தூக்கிக்கொண்டு வந்து, "சம்பந்தி, காசெல்லாம் நேத்து அச்சடிச்ச மாதிரி மின்னுதே! எங்கூட்டுப் பொண்ணு கை பட்டா அப்பிடித்தான்" என்று சொன்னேன். பெண்ணைக் கொடுத்த வீட்டில் பெருமைப்பட ஒரு இடம் கிடைத்ததே என்ற சந்தோஷம். ஒரு பொருள் மின்னுவதைப் பார்த்து ஒரு மனிதர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்ததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன். என் கடையில் மக்கள் மின்னுவதற்குத்தான் காசு கொடுப்பார்கள்.

பிறகு நீங்கள் அவளைப் பார்த்துச் சொன்னீர்கள்: "இனிமே இந்த வீட்ல எதையும் தொடாத."

கல்யாணமாகி மூன்றாவது வாரமே பரணி மாப்பிள்ளை அமெரிக்காவுக்கு விமானம் ஏறிவிட்டார். விசா வரும்வரை அவளுக்கு உங்கள் வீடுதான் வீடு. அந்த வீட்டில் எதையும் தொடக் கூடாது.

இங்கே வந்த பிறகு அவள் தண்ணீர் குடிக்க லோட்டா எடுப்பதானாலும் "தொடலாமாம்மா?" என்று கேட்டுவிட்டு எடுக்கிறாள். யசோதா முதலில் விளையாட்டு என்று நினைத்தாள். "இன்னாடி இது புதுசா?" என்று திட்டினாள். "பழகிக்கினு இருக்கேம்மா. அங்க போனா திடீர்னு வராதே" என்றாள் காஞ்சனா. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். அந்தச் சிரிப்புதான் எனக்குச் சரியாகப் படவில்லை.

ஆடி முடிந்ததும் அவளை அனுப்ப எங்களுக்கு ஆட்சேபம் இல்லை. அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் நீங்கள் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். அவள் அதை உங்கள் வாயால் கேட்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவுதான்.

காசுக்கு ஏதாவது வைத்தியம் உண்டா என்று எழுதுங்கள். பித்தளையைக் கொடுத்துவிட்டு எவர்சில்வர் வாங்குகிற காலம் இது. பழைய அண்டாக்களின் அடியில் சில சமயம் காசு கிடக்கிறது. அதில் முயன்று பார்க்கிறேன்.

அன்புடன்,
முனிகிருஷ்ணன்

&nbsp;

திருப்பதி
29-7-1998

சம்பந்தி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. வாக்கியத்தைத் திரும்ப வாங்குவது குறித்து: பதிவான ஓர் ஆவணத்தை ரத்து செய்ய இரு தரப்பும் நேரில் வர வேண்டும். இப்போது ஆடி. எனவே அதை ஒத்தி வைப்போம்.

நாணயம் குறித்து: போன தோலுக்கு வைத்தியம் கிடையாது. அது தானாகத்தான் வளர வேண்டும். ஆனால் வேறொரு சங்கடம் முளைத்திருக்கிறது. எழுத்துகளின் பள்ளங்களில் தங்கள் ரோஜாப் பவுடர் வெள்ளையாகப் படிந்து நிற்கிறது. புளியின் பிசுக்கும் அதோடு சேர்ந்திருக்கிறது. நவாப்பின் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் பற்பொடி விளம்பரம் மாதிரி இருக்கிறது. புளிப்பை அப்படியே விட்டால் செம்பில் களிம்பு ஏறும். அந்தப் பவுடரில் என்னென்ன கலந்திருக்கிறது என்று விசாரித்து எழுதவும்.

தாங்கள் முயல்வதானால் மதிப்பில்லாத காசில் முயலவும். துணி, பிரஷ், தென்னை நார் எதுவும் ஆகாது. தேய்ப்பது என்ற வினைச்சொல்லையே மறந்துவிட வேண்டும். குழாய்த் தண்ணீரில் உப்பும் குளோரினும் உண்டு. அதனால் வாலைவடித்த (டிஸ்டில்டு) தண்ணீரில் ஊற வைத்து, தண்ணீரை மாற்றி மாற்றி விட வேண்டும். தானாக நெகிழ்ந்து வருவதை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். வராததை வரச்சொல்லி வற்புறுத்தக் கூடாது.

இதை எழுதும்போது என் மனைவி தாட்சாயணி பின்னால் நின்று வாசித்துவிட்டு, "இதெல்லாம் காசுக்கு மட்டும்தானா?" என்று கேட்டாள். எதைப் பற்றிக் கேட்டாள் என்று விளங்கவில்லை.

இப்படிக்கு,
கு. செங்கல்வராயன்

&nbsp;

சித்தூர்
6-8-1998

அன்புள்ள சம்பந்தி,

நான் இப்போது விஞ்ஞானி.

கடைக்கு வந்த பழைய அண்டா ஒன்றில் ஓட்டைக் காலணாக்கள் கைநிறையக் கிடைத்தன. உங்கள் கட்டளையை ஒழுங்காக மீறி எல்லா முறையையும் ஒன்று ஒன்றில் பார்த்தேன். புளித்த மோர் போட்டது, இளம்பெண் கன்னம் மாதிரி ஆகிவிட்டது. நீங்கள் பார்த்தால் அழுவீர்கள். பற்பசை கீறல் போடுகிறது. டி.வி.யில் எல்லாரும் குதித்துக் குதித்துக் குடிக்கிறார்களே, அந்தக் கறுப்புப் பானத்தில் ஒன்றை இரவு முழுக்க ஊறப் போட்டேன். காலையில் காசு பளபளவென்று இருந்தது. அன்றிலிருந்து யசோதா வீட்டில் யாரையும் அதைக் குடிக்க விடுவதில்லை.

பிறகு உங்கள் முறை. வாலைவடித்த தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், பேட்டரிக்கு ஊற்றுவதுதான் என்றார்கள். கொங்காரெட்டிப்பள்ளியில் முரளியின் மெக்கானிக் கடைக்குப் போனேன்.

"இன்னா சார், இன்வெர்ட்டர் போட்டுட்டீங்களா?"

"இல்லப்பா. காசு ஊறப் போடணும்."

"ஊறப் போட்டா மொளைக்குமா சார்? சொல்லுங்க, நானும் கொஞ்சம் போடுறேன்."

ஆசிட் கேனும் தண்ணீர்க் கேனும் அண்ணன் தம்பி மாதிரி பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. நான் ஆசிட்டைத் தூக்கிவிட்டேன். அவன்தான் பிடுங்கினான். நீங்கள் வாங்கும்போது கவனம்.

கண்ணாடிக் கிண்ணத்தில் ஊற வைத்தேன். தினமும் தண்ணீர் மாற்றினேன். மூன்றாம் நாள் எழுத்துகளுக்குள் இருந்த வெள்ளை பால்கோவா மாதிரி இளகியது. எலுமிச்சை முள் ஒன்றைப் பறித்து, முனையால் மெல்லத் தொட்டால் தானாக வந்தது. பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்தேன். பிள்ளைக்குத் தலை துவட்டுவது போல இல்லை. மணமேடையில் பெண்ணின் நெற்றி வியர்வையை ஒற்றுவார்களே, அது போல. உங்கள் தட்டுக்கும் இதையே செய்யுங்கள். முள் வேண்டுமானால் அனுப்புகிறேன். எங்கள் வீட்டு எலுமிச்சை காய்ப்பதில்லை, முள் மட்டும் தாராளம்.

பவுடரில் கலந்திருப்பது என்ன என்று காஞ்சனாவைக் கேட்டேன். பி.எஸ்ஸி. கெமிஸ்ட்ரி படித்தவள் அல்லவா. "சுண்ணாம்புத் தூள், ஏதோ ஒரு அமிலம், கலரு" என்றாள். "இதெல்லாம் தெரிஞ்சும் ஏன்டி தேச்ச?" என்று கேட்டேன். "அத்தை பூஜை ரூம்ல இருக்கறதெல்லாம் தேய்னு சொன்னாங்க. தட்டுல காசு வச்சிருந்தா லட்சுமி பூஜைக்குன்னுதானே நெனப்பாங்க, நைனா? காசைப் பூஜை ரூம்ல வச்சிட்டுப் பூஜைக்கு இல்லைன்னா?" என்றாள். இதற்கு என்ன பதில்? உங்களிடம் இருந்தால் எழுதுங்கள்.

ஆவணி பிறக்கப் போகிறது. எந்த நாளில் அழைத்துக்கொண்டு வரட்டும்?

அன்புடன்,
முனிகிருஷ்ணன்

&nbsp;

திருப்பதி
14-8-1998

அன்புள்ள சம்பந்தி,

முள் பற்றிய தங்கள் குறிப்பு மிகவும் பயனுள்ளது. நவாப்பின் பெயர் திரும்பக் கிடைத்துவிட்டது. இதை நான் எழுத்தில் ஒப்புக்கொள்கிறேன்.

காஞ்சனா வரும் நாள் குறித்து: புத்தூரை விட்டு எங்கள் முன்னோர் வந்த நாளிலிருந்து எங்கள் வீட்டில் தமிழ்ப் பஞ்சாங்கமும் தெலுங்குப் பஞ்சாங்கமும் ஒரே ஆணியில் தொங்குகின்றன. நல்ல காரியத்துக்கு இரண்டும் சம்மதிக்க வேண்டும் என்பது குடும்ப வழக்கம். ஆவணி முதல் தேதி தேய்பிறையில் வருகிறது. வளர்பிறை தொடங்கும்போது தெலுங்கில் பாத்ரபதம் பிறந்துவிடுகிறது. அது சூன்ய மாதம். பிறகு மாளயபட்சம். அது முடிவதற்குள் புரட்டாசி. ஆக, இரண்டும் ஒத்துவருவது தீபாவளிக்குப் பிறகுதான் என்று தெரிகிறது. நான் என்ன செய்ய முடியும்?

இன்னொரு விஷயம். என் நண்பர் ஒருவரிடம் சில வெள்ளி, செம்பு நாணயங்கள் இருக்கின்றன. அவருடைய மகன் சென்னையில் ஒரு பெரிய கடையில் வெளிநாட்டு ஆல்பம் வாங்கிக் கொடுத்தான். மெத்தென்ற பிளாஸ்டிக் பைகள் கொண்டது. நண்பர் மிகவும் ஜாக்கிரதையானவர். நாணயங்களைக் கையால் தொடக் கூடாது என்பதற்காகவே அதில் போட்டு வைத்தார். இப்போது திறந்து பார்த்தால் எல்லாவற்றின் மேலும் பச்சையாகப் பிசின் மாதிரி ஏதோ பூத்திருக்கிறது. தண்ணீரில் அது அசையவில்லை. பெயர் எழுதி ஒட்டிய செல்லோ டேப்பின் கோந்தும் சில காசுகளில் இருக்கிறது. நண்பர் மனம் உடைந்து போயிருக்கிறார். தங்களுக்கோ, கெமிஸ்ட்ரி படித்த வேறு யாருக்கோ ஏதாவது தெரிந்தால் நண்பரின் சார்பில் நன்றியுடையவனாவேன்.

இப்படிக்கு,
செங்கல்வராயன்

&nbsp;

சித்தூர்
21-8-1998

அன்புள்ள சம்பந்தி,

உங்கள் நண்பருக்கு என் அனுதாபத்தைச் சொல்லுங்கள். அவர் கண்ணாடி போட்டவர்தானே? அவர் மகன் அமெரிக்காவில்தானே இருக்கிறான்? நினைத்தேன்.

முதலில் பஞ்சாங்கம். இரண்டும் சம்மதித்தால்தான் மருமகள் வாசற்படி மிதிக்கலாம் என்கிறீர்கள். மாப்பிள்ளை அமெரிக்கா போனாரே, அது எந்தப் பஞ்சாங்கத்தில் பார்த்த நாள்? நானும் வழியனுப்ப வந்திருந்தேன். டிக்கெட் கிடைத்த நாளில் போனார். புறப்பட்ட நேரம் ராகுகாலம் வேறு.

இப்போது நண்பரின் பச்சைப் பிசின். காஞ்சனா சொல்லச் சொல்ல எழுதுகிறேன். பக்கத்தில் இருந்துகொண்டு சொல்கிறாளே தவிர பேனாவை வாங்க மாட்டேன் என்கிறாள். "நீயே எழுதேன்டி" என்றேன். "மாமா காசுக்கு நான் எழுதினா தொட்ட கணக்கு ஆயிடும் நைனா" என்கிறாள்.

பிசின் காசிலிருந்து வந்ததில்லையாம், பிளாஸ்டிக்கிலிருந்து கசிந்ததாம். அதை மெதுவாக்க அதில் ஏதோ எண்ணெய் சேர்ப்பார்களாம். அசிட்டோன் என்று ஒரு திரவம் இருக்கிறது. அது பிசினையும் கோந்தையும் எண்ணெயையும் கரைக்கும், உலோகத்தையும் உங்கள் தோலையும் ஒன்றும் செய்யாது. காசின் தோலைச் சொல்கிறேன். நகப்பூச்சு அழிக்கக் கடையில் விற்கிறார்களே, அது வேண்டாம். "அதுல சென்ட்டும் எண்ணெயும் கலந்திருப்பான் நைனா, ஒண்ணை எடுத்துட்டு இன்னொண்ணை ஒட்ட வச்சிடும்" என்கிறாள். காலேஜ் லேபுக்குச் சாமான் கொடுக்கிற கடையில் சுத்தமானதாக வாங்க வேண்டும். கண்ணாடிக் கிண்ணம்தான், பிளாஸ்டிக் கிண்ணத்தில் ஊற்றினால் கிண்ணமே கரைந்து காசில் ஒட்டிக்கொள்ளும், நண்பர் மறுபடியும் மனம் உடைவார். சட்டென்று தீப்பிடிக்கும். ஆகவே எல்லா ஜன்னலையும் திறந்து வைத்து, அடுப்புக்கும் விளக்குக்கும் எட்டாத இடத்தில் செய்ய வேண்டும். இதற்கும் பூஜை அறையே வசதி என்று நண்பர் நினைத்துவிடப் போகிறார். கொஞ்ச நேரம் ஊறவிட்டு எடுத்து, வேறு கிண்ணத்தில் புதிய அசிட்டோனில் ஒருமுறை அலசி, அப்படியே காற்றில் வைத்துவிடலாம். தானாகக் காய்ந்துவிடும். துடைக்கவே வேண்டாம். பிசினுக்கு அடியில் செம்பு அரித்துப் பள்ளமாகியிருந்தால் அதை அப்படியே விட்டுவிட வேண்டும். அந்த ஆல்பத்தைத் தூக்கிப் போட்டுவிட வேண்டும், வெளிநாட்டுச் சரக்காக இருந்தாலும்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, இந்த வேலை எனக்குப் பிடித்துவிட்டது. கடை மூடியதும் நானும் காஞ்சனாவும் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்துகொள்கிறோம். என் வாழ்நாளில் பொருளை மின்ன வைத்துத்தான் விற்றேன். மின்னாமல் இருக்கிறதையும் பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று இப்போதுதான் தெரிகிறது. யசோதா மட்டும், "பொண்ணை எப்ப அனுப்பப் போறீங்க, அதைக் கேட்டு எழுதினீங்களா?" என்கிறாள். கேட்டு எழுதியாயிற்று என்று சொல்லப் போகிறேன்.

அன்புடன்,
முனிகிருஷ்ணன்

&nbsp;

திருப்பதி
4-9-1998

அன்பிற்கினிய சம்பந்தி,

வெற்றி! நண்பர் என்ற பேச்சை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

மொட்டை மாடியில் வைத்துச் செய்தேன். பச்சைப் பிசின் அசிட்டோனில் இறங்கியவுடன் மேகம் மாதிரி கலைந்து போனது. அடியிலிருந்து விக்டோரியா ராணியார் எந்தக் கோபமும் இல்லாமல் வெளியே வந்தார். அவருடைய கன்னத்துக் கறுப்பு அப்படியே இருக்கிறது. நான் அவரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்ததாகத் தாட்சாயணி சொன்னாள். இந்த மாதத்தில் அவள் என்னிடம் பேசிய வாக்கியங்களில் அது ஒன்று. வீட்டில் பேச்சுக் குறைந்திருப்பதால் நாணய வேலைக்கு நல்ல அமைதி கிடைக்கிறது.

தாங்கள் கூரியரில் அனுப்பிய ஓட்டைக் காலணாவும் வந்தது. அழகாகச் சுத்தம் செய்திருக்கிறீர்கள். எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரிந்திருக்கிறது. பாத்திரக்காரர் ஒருவரைப் பற்றி இப்படி எழுதுவேன் என்று நான் நினைத்ததில்லை. நாம் ஏன் ஒரு நாணயச் சங்கம் தொடங்கக் கூடாது? சித்தூர் மாவட்டத்துக்கு ஒன்று அவசியம் வேண்டும். நான் தலைவர், தாங்கள் செயலாளர். உறுப்பினர்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பரணி ஞாயிற்றுக்கிழமை பேசினான். "காஞ்சனா எங்கப்பா?" என்றான். ஆடிக்குப் போயிருக்கிறாள் என்றேன். "ஆடி போய் ஆவணியே முடியப் போகுதே?" என்றான். இரு பஞ்சாங்கங்களையும் விளக்கினேன். அமெரிக்காவிலிருந்து பேச நிமிடத்துக்கு எவ்வளவு ஆகும் என்று அவன் என்னிடம் விளக்கினான்.

அசிட்டோன் புட்டியை வீட்டில் எங்கே வைப்பது பாதுகாப்பு என்று காஞ்சனாவைக் கேட்டு எழுதவும்.

தங்கள் அன்புள்ள,
செங்கல்வராயன்

&nbsp;

சித்தூர்
10-9-1998

சம்பந்தி,

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் உங்களுக்கே தெரிந்திருக்கும். இருந்தாலும் சான்றுக்காக எழுதுகிறேன்.

நேற்றுக் காலை கடை திறக்கிற நேரத்தில், தாட்சாயணி அம்மாள் கையில் ஒரு ஒயர்க் கூடையோடு தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நீங்கள் மொட்டை மாடியில் இருந்ததால் சொல்லிக்கொள்ள முடியவில்லையாம். நான் கிண்ணத்தில் தண்ணீர் மாற்றிக்கொண்டிருந்தேன். அதைப் பார்த்தார்கள்.

"இங்கயும் இதே கண்றாவிதானா? ரெண்டு பேரும் காசை ஊறப் போட்டீங்க, சரி. பொண்ணையும் ஊறப் போட்டுட்டீங்களே அண்ணா!"

நான் எழுந்து நின்றேன். கையில் முள் இருந்தது.

"அவரு கோவத்துல கூப்பிடல. அப்புறம் சந்தோசத்துல மறந்துட்டாரு. நீங்க பொண்ணைப் பெத்தவரு, ஒரு நடை வந்து சண்டை போட வேணாமா? வாராவாரம் கடுதாசி! ரெண்டு மணி நேரம் பஸ்ஸு!"

யசோதா உள்ளேயிருந்து, "இதைத்தான் அண்ணி நானும் சொல்லிக்கினே இருக்கேன்" என்றாள். இருவரும் சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். சம்பந்தி, அவர்கள் சொன்னது சரி. பெண் வீட்டிலேயே இருப்பது எனக்குச் சுகமாக இருந்தது. அவள் சிரிப்பு எப்படிப்பட்டது என்று உங்களுக்கு எழுதிவிட்டு, அதற்கு மேல் நான் எதுவும் செய்யவில்லை.

சாப்பிட்டானதும் கிளம்பினார்கள். "மாளயபட்சமாச்சே அண்ணி" என்று யசோதா இழுத்தாள். "பஸ்ஸுக்கு அதெல்லாம் தெரியாது அண்ணி" என்றார்கள்.

காஞ்சனா பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள். "அத்தை, நான் வரேன். ஆனா அங்க ஒரு டம்ளரைக்கூடத் தொட மாட்டேன். மாமா அவரு வாயால சொல்லணும்."

"தொடாத. நானும் தொட மாட்டேன். ரெண்டு பேரும் ஜம்முனு குந்திக்கினு டி.வி. பாப்போம். யாரு பொங்கிப் போடுறாங்கன்னு பாக்கறேன்."

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார வைத்து அனுப்பினேன். கிண்ணத்துக்குப் பக்கத்தில் இப்போது நான் மட்டும் இருக்கிறேன்.

சங்கம் பற்றி: என் பெண்ணுக்கு உங்கள் வீட்டில் ஒரு டம்ளரை எடுக்க உரிமை இல்லாதவரை நான் உங்களுக்குச் செயலாளராக இருக்க முடியாது. இதில் திருத்தம் இல்லை.

முனிகிருஷ்ணன்

&nbsp;

திருப்பதி
15-9-1998

அன்புள்ள முனிகிருஷ்ணன்,

நலமா? இங்கு நலம். அந்த நிலைக்கு வந்து சேர்ந்த விதத்தை வரிசையாக எழுதுகிறேன்.

புதன்கிழமை மாலை இருவரும் வந்தார்கள். நான் "வாம்மா" என்றேன். காஞ்சனா வணங்கினாள். பிறகு இருவரும் சோபாவில் அமர்ந்தார்கள். வெகுநேரம் கழித்து நான் காபி பற்றி விசாரித்தேன். "தூள் டப்பா மேல் தட்டுல இருக்குது" என்று பதில் வந்தது. அன்றிரவு ஓட்டலிலிருந்து இட்லி வாங்கி வந்தேன். பொட்டலத்தை நானே பிரிக்க வேண்டியிருந்தது.

மறுநாள் சோறு வடிக்க முயன்றேன். எதில் ஊற வைக்க வேண்டும், எவ்வளவு நேரம், எப்போது எடுக்க வேண்டும் என்று நாணயத்துக்கு எனக்கு எல்லாம் தெரியும். அரிசி வேறு மாதிரி நடந்துகொள்கிறது. தங்கள் கடைப் பாத்திரம் ஒன்று அடிப்பிடித்தது. தங்கள் மகள் அதைப் பார்த்தாள், எதுவும் சொல்லவில்லை. அது எனக்குச் சிரமமாக இருந்தது. வேலைக்காரி முதல் கலெக்டர் வரை எல்லாரும் என்னிடம் ஏதாவது சொல்லித்தான் பழக்கம்.

பக்கத்து வீட்டு ருக்மணி அம்மாள் மருமகளைப் பார்க்க வந்தார்கள். "கோடலு பாகுந்தா?" என்று மருமகளின் நலத்தை என்னிடம் தெலுங்கில் விசாரித்துவிட்டு, தட்டில் வைத்து நான் கொண்டுவந்த தண்ணீரைப் பார்த்து, அதைக் குடிக்காமலே எழுந்து போனார்கள். தெருவில் அன்று மாலை என்னைப் பார்த்தவர்கள் எல்லாரும் மரியாதையாகச் சிரித்தார்கள்.

வெள்ளிக்கிழமை காலை கூடத்துக்கு வந்து நின்றேன். டி.வி.யில் ஏதோ தொடர். "காஞ்சனா, நீ தொடலாம்" என்றேன்.

"எதை மாமா?"

"எல்லாத்தையும்."

"காசையும்?"

தாட்சாயணி டி.வி. சத்தத்தைக் குறைத்தாள். முனிகிருஷ்ணன், பொய்யாக "ஆமாம்" என்று சொல்லிவிட்டு ஒரு பூட்டு வாங்கிக்கொள்ளலாம் என்றுகூட நினைத்தேன். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பூட்டைப் பற்றி யோசிப்பது அவளுக்குத் தெரிந்தது என்று நினைக்கிறேன். அவள் வயதில் ஒருத்தி, புருஷன் இல்லாத வீட்டில், எதைத் தொடலாம் என்று கேட்டுக்கொண்டு நிற்கும்படி நான் வைத்திருந்தேன். பூஜை அறையில் தட்டை வைத்தது நான்தான். வைக்கப்படவில்லை, வைத்தேன். அதையும் அவளிடம் சொன்னேன்.

"காசையும் தொடு. இது உன் வீடு. அன்னைக்கு நான் சொன்னது தப்பு" என்றேன். மூன்று வாக்கியங்கள் ஆகிவிட்டன.

"சரி மாமா" என்றாள். எழுந்து நேராகச் சமையலறைக்குப் போய் ஒரு டம்ளர் தண்ணீர் எடுத்துக் குடித்தாள். யாரையும் கேட்கவில்லை. பிறகு அடுப்பைப் பார்த்துவிட்டு, "அத்தை, இந்த மனுசன் மூணு நாளா இன்னா துன்னுக்கினு இருந்தாரு?" என்று கேட்டாள். பரணியின் அம்மா சிரித்த சிரிப்பில் டி.வி.யே தேவைப்படவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தாங்களும் சம்பந்தியம்மாவும் இங்கே சாப்பிட வாருங்கள். பதில் எழுத வேண்டாம், பஸ் ஏறுங்கள். சமையல் காஞ்சனாவும் தாட்சாயணியும். நான் வெங்காயம் உரிக்க அனுமதிக்கப்பட்டிருக்கிறேன்.

அன்புடன்,
செங்கல்வராயன்